பழைய பெட்ரோல் ஜீப்பை டீசலாக்குவது எப்படி: சிஜே-3பி-க்கான முழுமையான வழிகாட்டி

மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பைப் பெட்ரோலில் இருந்து டீசலுக்கு மாற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிய வேலை அல்ல. ஆனாலும் மாற்றிய வண்டிகளில் பல அரைகுறையாகவே ஓடுகின்றன. ஏற்றத்தில் சூடாகும், 60-ஐத் தாண்டினால் அதிரும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. உரிமையாளர் இன்ஜினைத் திட்டுவார். பிரித்துப் பார்த்தால் கோளாறு மவுண்டிங்கிலோ (இன்ஜினைச் சேசிஸில் தாங்கும் பிடிப்பு), கிரவுன் பினியனிலோ (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றும் பற்சக்கர ஜோடி), டீசல் லைனிலோ இருக்கும். செயின் பிளாக்கில் இன்ஜினைத் தூக்கி உள்ளே இறக்குவது ஒரு நாள் வேலைதான். அதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலைதான் வண்டி எப்படி ஓடும் என்பதை முடிவு செய்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த சிஜே-3பி-யை மஹிந்திரா உரிமம் பெற்றுப் பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. அதன் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் 2199 சிசி. இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்ற அமைப்பு. அதனால் முந்தைய ஜீப் இன்ஜினைவிட உயரம் கூடியது, பானெட்டையும் உயர்த்த வேண்டி வந்தது. அந்த உயர்ந்த பானெட் டீசல்காரர்களுக்கு வரமாக அமைந்துவிட்டது. எம்பி, சிஜே-2ஏ போன்ற தாழ்ந்த பானெட் ஜீப்களில் டீசலை நுழைப்பதைவிட இதில் பாதி சிரமம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹரிகேன் இன்ஜின் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றாதீர்கள். மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கும் வண்டிக்கு டீசல் தேவையில்லை. தினமும் எஸ்டேட் ஏற்றத்தில் சுமை இழுக்க வேண்டும், அல்லது பிளாக் விரிசல் விட்டுவிட்டது என்றால்தான் மேலே படியுங்கள். கழற்றிய பிறகும் அந்த இன்ஜினை எடைக்குப் போட வேண்டாம். துளைகளை அடைத்து, கிரீஸ் தடவி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரிஜினல் இன்ஜினோடு இருக்கும் ஜீப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஆர்.சி. புக்

ஆர்.சி.-யில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றும் பழைய இன்ஜின் எண்ணும் இருக்கும். இரண்டுமே மாறப்போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.-யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எனவே 'முதலில் மாட்டிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இறங்காதீர்கள். எந்த இன்ஜின், எந்த மாடல், எங்கே வாங்கப் போகிறீர்கள் என்பதை எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மறுத்தால் பணம் செலவாகும் முன்பே தெரிந்துவிடும். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் எண்ணைப் பார்க்காமல் விடமாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். ஆர்.சி.-யில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்தால், விபத்து நடந்த அன்று பாலிசி இருந்தும் பயன் இருக்காது.

பழைய இன்ஜின் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லில் இன்ஜின் எண் இருக்க வேண்டும். அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள். எண்ணைத் தேய்த்துத் திரும்பக் குத்திய பிளாக்கை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எந்த இன்ஜின்?

மஹிந்திரா வண்டிக்கு மஹிந்திரா இன்ஜின் என்று வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் பேசவும் எளிது, பாகங்களும் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் நடைமுறையில் இரண்டு.

முதலாவது பூஜோ எக்ஸ்டிபி 4.90. எம்எம்540 ஜீப்பில் வந்தது. போர் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 83 மி.மீ., 2112 சிசி. டீசல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படாமல் ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் போகும் வகை. அதனால் ஓட்டம் மென்மை, ஆர்பிஎம் 4500 வரை ஏறும், ஆனால் ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் எழாது.

இரண்டாவது எம்டிஐ 2523 சிசி, நேரடித் தெளிப்பு. இது இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜின் வழி வந்தது. போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6, அதாவது சரியாக மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கும், 3000-ஐத் தாண்டினால் திணறும். சத்தமும் அதிர்வும் அதிகம். ஆனால் எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு.

பலர் எதிர்பார்ப்பதற்கு மாறான ஒரு கணக்கும் இருக்கிறது. ஹரிகேனுக்கு வில்லிஸ் சொன்ன டார்க் (சுழற்றும் விசை) 2000 ஆர்பிஎம்மில் 114 பவுண்டு-அடி, அதாவது சுமார் 155 நியூட்டன் மீட்டர். எக்ஸ்டிபி-யின் டார்க் சுமார் 120 தான். அமெரிக்கக் கணக்கு அந்தக் காலத்தில் ஃபேன், டைனமோ, சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தது என்று கழித்துக்கொண்டாலும், எக்ஸ்டிபி போட்டதும் ஜீப் பறக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குக் கிடைப்பது எரிபொருள் சிக்கனமும், பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் தொல்லையிலிருந்து விடுதலையும்தான். இழுவைதான் முக்கியம் என்றால் எம்டிஐ எடுங்கள், ஆனால் அதற்கு ஆக்சிலையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

என் தேர்வு: 80 அங்குல வீல்பேஸ் சிஜே-3பி, மலை ரோடு, இரண்டு மூன்று பேர் என்றால் எக்ஸ்டிபி. காய் மூட்டை, டிரெய்லர் என்றால் எம்டிஐ.

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். பெல் ஹவுசிங், ஃபிளைவீல், கிளட்ச், கியர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், மவுண்டிங் கைகள், ரேடியேட்டர், ஆக்சிலரேட்டர் லிங்கேஜ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக வாங்குங்கள். புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் முழு செட்டின் விலை கூடுதலாகத் தெரியும். அடாப்டர் பிளேட் (இன்ஜினையும் வேறு வண்டியின் கியர் பாக்ஸையும் இணைக்கும் தகடு) கடைசல், ஒரு போல்ட்டுக்காக அலைந்த பெட்ரோல், பொருந்தாத ரிலீஸ் பேரிங் என்று கூட்டிப் பார்த்தால் செட்தான் மலிவு.

வாங்கும் முன் சோதனை

நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் வைத்தே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, எகிறிக் குதித்தால் ரிங் போய்விட்டது. ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். வெள்ளைப் புகை சூடானதும் நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகையை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாசிலும் பம்பும் சர்வீஸ் செய்தால் சரியாகலாம். டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் இருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்க்கலாம். பெட்ரோல் கேஜ் இதற்கு உதவாது, அழுத்தம் தாங்காது.

இறக்குவதும் சேசிஸ் பார்ப்பதும்

முதலில் அளவு எடுங்கள். பானெட்டைக் கழற்றும் முன்பே ஃபோட்டோ, டேப், சாக்பீஸ். கிராங்க் புல்லி மையம் சேசிஸ் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) ஃபிளாஞ்ச் பின் ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து எவ்வளவு தூரம், இரண்டின் சாய்வுக் கோணம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த எண்கள்தான் உங்களுக்கு வழி காட்டும்.

அப்புறம் பெட்ரோல் டேங்க். இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்த டேங்கை வண்டியிலிருந்தே வெளியே எடுத்துவிடுங்கள். காலி டேங்கில் தங்கிய பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. அது வண்டியில் இருக்கும்போது கிரைண்டரோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம்.

இன்ஜின் வெளியே வந்ததும் சேசிஸைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஸ்டீரிங் பாக்ஸ் மாட்டும் இடம், முன் குறுக்குச் சட்டம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஷேக்கிள் பகுதி ஆகியவற்றில் விரிசல் தேடுங்கள். டீசலின் எடையும் அதிர்வும் வரும் முன் சரிசெய்ய இதுதான் நேரம். முன் பட்டைகள் தளர்ந்திருந்தால் இப்போதே செட் போடுங்கள்.

உட்கார வைத்தல்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் கெடும்.

டி-90 மூன்று கியர் பாக்ஸை அப்படியே வைத்து அடாப்டர் பிளேட் போடலாமா, டீசலோடு வந்த நாலு கியர் கேஎம்டி-90 பாக்ஸைப் போடலாமா என்பது முதல் கேள்வி. டி-90 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய இடத்திலேயே இருக்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தொட வேண்டாம். ஆனால் அதன் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை, மூன்றே கியர், ஆர்பிஎம் எல்லை குறுகிய டீசலுக்கு அது போதாது. நான் கேஎம்டி பக்கம்தான். அதன் நீளம் அதிகம் என்பதால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளும். 80 அங்குல வண்டியில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. அது இன்னும் குட்டையானால் ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் யு.ஜே. கிராஸின் கோணம் அதிகமாகி அது அடிக்கடி உடையும். எனவே ரேடியேட்டர் இடம் கொடுக்கும் அளவுக்கு இன்ஜினை முன்னால் கொண்டுபோங்கள்.

எடை குறைந்த காலி பிளாக் அல்லது ஹெட், பம்ப் கழற்றிய இன்ஜினை வைத்து மாதிரிக்கு உட்கார வையுங்கள். பார்க்க வேண்டியவை:

- நம் வலதுபக்க ஸ்டீரிங் ஜீப்பில் முன் டிஃபரன்ஷியலும் வலது பக்கம்தான். ஸ்டீரிங் பாக்ஸ், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் உருண்டை மூன்றும் ஒரே பக்கம் நெருக்கும். ஜாக்கி போட்டு ஆக்சிலை பம்ப் ஸ்டாப் தொடும் வரை தூக்கி, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இடிக்கிறதா பாருங்கள். அப்போதும் ஒரு விரல் கனம் இடைவெளி வேண்டும்.
- ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி. பிரேக் போடும்போது இன்ஜின் முன்னால் நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.
- டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் பின் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் சாய்ந்திருக்கலாம், இவை இரண்டும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். இது தவறினால் 60 கி.மீ. வேகத்தில் தரை அதிரும்.

எல்லாம் சரி என்றதும் மவுண்டிங் பிராக்கெட்டுக்கு டேக் வெல்டிங் (அங்கங்கே பொட்டு) மட்டும் வையுங்கள். முழு எடையோடு இன்ஜினை இறக்கி, மறுபடி அளந்து, பிறகுதான் முழு வெல்டிங். ரப்பர் மவுண்டிங் டீசலுக்குரியதாக இருக்கட்டும். எம்டிஐ-க்குப் பழைய பெட்ரோல் ரப்பரைப் போட்டால் கண்ணாடி பிம்பம் தெரியாத அளவுக்கு ஆடும்.

அடாப்டர் பிளேட் வழியில் போகிறவர்களுக்கு: பிளேட்டை லேத்தில் கடைந்து வந்ததும் டயல் கேஜை ஃபிளைவீலில் பொருத்தி, கிராங்கைச் சுற்றி, பெல் ஹவுசிங் மையத் துளையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு முழுச் சுற்றில் முள்ளின் மொத்த ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 'கண்ணால் பார்த்தாலே சரியாக இருக்கிறது' என்பதை ஏற்காதீர்கள். மையம் விலகினால் கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகாட் புஷ்ஷும் கியர் பாக்ஸ் இன்புட் பேரிங்கும் சில மாதங்களில் தேயும். மையம் நகராமல் பிடிக்கும் டவல் பின் போடாமல் போல்ட்டை மட்டும் நம்பக் கூடாது.

டீசல் லைன்

பெட்ரோல் லைனை அப்படியே பயன்படுத்த முடியாது. டீசலுக்குப் போகும் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று என இரண்டு வேண்டும். பம்பிலும் நாசிலிலும் மிஞ்சுவது டேங்குக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் குழாயின் வாய், உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் காற்றுக் குமிழியை மறுபடி உறிஞ்சும்.

புது டேங்க் செய்வதாக இருந்தால் துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டில் செய்யாதீர்கள். டீசல் துத்தநாகத்தோடு வினைபுரிந்து பசைபோல் படியும், நாசிலை அடைக்கும். செம்புக் குழாயும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். ஸ்டீல் குழாயும் டீசல் தாங்கும் ரப்பர் ஓசும் போதும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே நீர் பிரிக்கும் கிண்ணம், அதன் பின் ஃபில்டர். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிண்ணத்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

இன்ஜினை நிறுத்த என்ன வழி என்பதையும் முடிவு செய்யுங்கள். பெட்ரோலில் சாவி திருப்பினால் பிளக் பொறி நிற்கும், இன்ஜின் நிற்கும். டீசலில் எரிபொருளை வெட்ட வேண்டும். கரண்டில் எரிபொருளை வெட்டும் சொலினாய்டு இருந்தாலும் கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிள் ஒன்று டேஷ்போர்டில் இருப்பது நல்லது.

கரண்ட், குளிர்ச்சி, வேக்குவம்

பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 7-ஐச் சுற்றி. எக்ஸ்டிபி-க்கு 20-க்கு மேல். அதைச் சுற்றிவிடப் பழைய பேட்டரியும் கேபிளும் போதாது. குறைந்தது 75 ஆம்பியர்-அவர் பேட்டரி, விரல் தடிமன் கேபிள், பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் சேசிஸிலிருந்து இன்ஜினுக்கும் தனித்தனி எர்த் பட்டை. ரப்பர் மவுண்டிங் கரண்டைக் கடத்தாது என்பதை மறந்து எர்த் பட்டையை விட்டுவிட்டால் செல்ஃப் மோட்டார் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக எர்த் தேடும், கேபிள் புகையும். ஹீட்டர் பிளக்குக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

ரேடியேட்டர் டீசலோடு வந்ததையே போடுங்கள், ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை வழிநடத்தும் உறை) கண்டிப்பாக வேண்டும். மலையில் மெதுவாக ஏறும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான்.

வேக்குவம் விஷயம் பலர் மறப்பது. பெட்ரோல் இன்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்கும், பழைய சிஜே-3பி-யின் வைப்பர் அதில்தான் ஓடும். டீசலில் அது கிடையாது. எலக்ட்ரிக் வைப்பர் மோட்டார் போட்டுவிடுங்கள். பிரேக் பூஸ்டர் சேர்ப்பதாக இருந்தால் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் வேண்டும். அதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் லைன் போகும். பிரேக்கைச் சும்மா விடாதீர்கள். எடை கூடிய வண்டிக்குப் பழைய 9 அங்குல டிரம் போதாது. எம்எம்540 ஆக்சில் செட்டை டிரம்மோடு வாங்குவது இங்கேயும் உதவும்.

கிரவுன் பினியன்

சிஜே-3பி ஆக்சிலில் கிரவுன் 43 பல், பினியன் 8 பல், விகிதம் 5.38. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். டாப் கியரில் 3000 ஆர்பிஎம் என்றால் கணக்கு இப்படி வரும்: 5.38-ல் சுமார் 74 கி.மீ., 4.88-ல் 81, 4.27-ல் 93.

எக்ஸ்டிபி 4500 வரை சுற்றும் என்பதால் 5.38-ஐ வைத்தே ஓட்டலாம், மலைக்கு அது நல்லதும்கூட. எம்டிஐ-யை 5.38-ல் ஓட்டுவது அந்த இன்ஜினை வதைப்பது. நெடுஞ்சாலையில் 70-க்கே அலறும். 4.27 அல்லது 4.88-க்கு மாற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், ஏதாவது ஒன்று உடையும். பழைய ஆக்சில் வாங்கும்போது பெயரை நம்பாமல் மூடியைத் திறந்து பல்லை எண்ணுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆயில், கூலன்ட் ஊற்றியதும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஆயில் கேஜ் முள் ஏறும் வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழியில்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்தத் துளியின் எதிரே கையையோ கண்ணையோ வைக்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். கழற்றிய செம்பு வாஷரைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள்.

ஏர் கிளீனரை இணைக்காமல், இன்லெட் வாயை மூடும் அளவு கனமான மரப் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். பம்ப் கோளாறால் இன்ஜின் தறிகெட்டு ஏறினால் காற்றை அடைப்பதுதான் நிறுத்தும் வழி. துணியோ கையோ வைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் வெப்பம் நிலையாகும் வரை ஐடிலில் விட்டு, எல்லா இணைப்பிலும் கை படாமல் ஒழுக்குப் பாருங்கள். வீட்டுத் தெருவில் சில நாள் ஓட்டி, பிறகு ஒரு நல்ல ஏற்றத்தில் கொண்டுபோய் வெப்பநிலை முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் 500 கி.மீ. முடிந்ததும் மவுண்டிங், பெல் ஹவுசிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வால்வு இடைவெளியும் அப்போதே. அப்புறம் டீசலுக்கான புகைச் சோதனை எடுங்கள். பழைய வண்டிகளுக்கான வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அலகு). அதைத் தாண்டினால் நாசிலையும் பம்பையும் சோதனை பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். மாற்றம் முடிந்த 14 நாட்களுக்குள் பில், அனுமதிக் கடிதம், ஆர்.சி. புக் மூன்றையும் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, புதிய இன்ஜின் எண்ணையும் எரிபொருளையும் ஆர்.சி.-யில் ஏற்றிவிடுங்கள்.